பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் முதல் மாதங்கள்

உடுப்பிட்டியில் இடம்பெயர்ந்து வாழும் வீடுகளில், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையையும் காண்கிறோம்: செலவுக்கு என்ன வழி?

இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆகவே அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணமில்லை. அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எமது பொறுப்பு. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் இதற்கு உதவும். ஆனால் பிள்ளை போன உடனே கைக்கு வராது, சில மாதம் செல்லும். வறிய பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான்.

பெற்றோரே, குத்தகைக் காணியில் விளைந்த வெங்காயம் விற்ற காசில் மூன்று மாதச் செலவை இப்போதே ஒதுக்குங்கள். விண்ணப்பத்துக்கு வேண்டிய குடும்ப வருமானத்தைக் கிராம சேவகரிடம் உறுதிப்படுத்துங்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுங்கள்.

பிள்ளைகளே, காசு முடிந்துவிட்டால் வெட்கப்பட்டுப் படிப்பை விட்டு வராதீர்கள். முதலில் மாணவர் நலச்சேவைப் பிரிவில் சொல்லுங்கள்.