பருத்தி ஆடையில் சேற்றுக்கறை நீக்கல்

பருத்தி ஆடையில் சேற்றுக்கறை நீக்கல் என்பது, ஈர மண் பட்டதால் பருத்தித் துணியில் உண்டாகும் கறையை இழை கெடாமல் அகற்றும் முறையாகும். சேற்றுக்கறையின் பெரும்பகுதி நீரில் கரையாத நுண்துகள்களால் ஆனது. எனவே கறையைக் கரைப்பதைவிட, துகள்களை இழையிலிருந்து பிரித்து வெளியேற்றுவதே இதில் முதன்மையான வேலை.

திருவண்ணாமலைச் சூழல்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செம்மண் நிலங்கள் பரவலாக உள்ளன. அண்ணாமலையைச் சுற்றிய கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. பௌர்ணமி நாள்களிலும் கார்த்திகைத் தீபத்தன்றும் பக்தர்கள் இப்பாதையில் வெறுங்காலுடன் நடக்கின்றனர். தீபத் திருவிழா நவம்பர்–டிசம்பர் மாதங்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், வேட்டி, புடவை ஆகியவற்றின் கீழோரங்களில் சேறு தெறிப்பதுண்டு. பள்ளி மாணவர்களின் வெள்ளைச் சட்டைகளும் இதே மாதங்களில்தான் அதிகம் கறைபடுகின்றன.

கறை படியும் விதம்

மண்ணில் உள்ள களித்துகள்கள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியவை. பருத்தி இழை முறுக்கிய நாடா போன்ற வடிவம் கொண்டது. அதன் மடிப்புகளிலும் நூலிழைகளின் இடைவெளிகளிலும் இத்துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. செம்மண்ணின் நிறத்துக்கு ஹேமடைட் முதலிய இரும்புச் சேர்மங்கள் காரணமாகும். சேறு ஈரமாக இருக்கும்போது தேய்த்தால், குழம்பு நிலையில் உள்ள களி நூலின் உட்புறம் வரை செல்கிறது. காய்ந்த சேறோ உடைந்து உதிரும் தன்மையுடையது.

செய்முறை

1. கட்டியாக உள்ள சேற்றை மட்டும் மழுங்கிய கத்தி அல்லது கரண்டியால் வழித்தெடுத்து, ஆடையை நிழலில் முழுவதும் காயவிட வேண்டும்.
2. காய்ந்த மண்ணை உதறி, மென்மையான பிரஷால் தட்டி நீக்க வேண்டும்.
3. கறையின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டும். இதனால் துகள்கள் வந்த வழியே வெளியேறும்.
4. சலவைத்தூள் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெதுவாகக் கசக்க வேண்டும். நீர் கலங்கினால் மாற்ற வேண்டும்.
5. கறை முற்றிலும் போன பின்னரே இஸ்திரி போட வேண்டும்.

சேற்றில் சாணம், இலைமக்கு போன்றவையும் கலந்திருக்கும். வெந்நீர் புரதக் கறைகளை இழையில் இறுகச் செய்யும் என்பதால், முதல் அலசலுக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது.

கடின நீரின் விளைவு

கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். அப்படிவு பிரிந்த மண்ணையும் சேர்த்துத் துணியில் ஒட்டச் செய்கிறது. இத்தகைய நீரில் சிறிதளவு சலவைச் சோடா சேர்ப்பது, அல்லது சோப்புக்குப் பதில் சலவைத்தூள் பயன்படுத்துவது பலன் தரும். மழைநீர் கிடைத்தால் அதுவே சிறந்தது.

எஞ்சும் செந்நிறமும் வெளுப்பானும்

துவைத்த பின்னும் செந்நிறம் எஞ்சினால் பலர் பிளீச்சிங் பவுடரை நாடுகின்றனர். இது தவறு. வெளுப்பான் ஓர் ஆக்சிசனேற்றி. இரும்பு ஆக்சைடோ ஏற்கெனவே ஆக்சிசனேற்றம் அடைந்த பொருள். ஆகவே அதன் நிறம் போகாது, பருத்தி இழைதான் நலிவடையும். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் இரும்புடன் சேர்ந்து நீரில் கரையும் சேர்மத்தைத் தரும். எனவே வெள்ளைத் துணியில் சாற்றைத் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாக அலசலாம். வண்ணத் துணியில் முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வெளுப்பானுடன் எலுமிச்சைச் சாறோ கழிவறை அமிலமோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். கடைகளில் துருக்கறைக்கு விற்கப்படும் ஆக்சாலிக் அமிலமும் நஞ்சு. அதைச் சிறுவர்கள் கையாளக் கூடாது.

மரபுவழி முறை

சலவைத் தொழிலாளர்கள் காரத்தன்மையுள்ள உவர்மண்ணை நீரில் கரைத்து, அதில் நனைத்த துணிகளை ஆவியில் அவித்து வெளுத்தனர். இது வெள்ளாவி எனப்படும். களர்நிலக் கிணற்றில் புலைத்தி துவைத்த வெள்ளாடையைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் குறிப்பிடுகிறது.

மாணவர்களுக்கான சோதனை

ஒரே வெள்ளைத் துணியில் இரு துண்டுகள் எடுத்து, இரண்டிலும் செம்மண் சேற்றைத் தடவவும். ஒன்றை உடனே தேய்த்துக் கழுவவும். மற்றொன்றைக் காயவிட்டு, உதறிய பின் கழுவவும். இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இதைக் கிணற்று நீர், மழைநீர் இரண்டிலும் செய்து பார்க்கலாம்.

ஒரே ஒரு சீருடை உள்ள மாணவர் மறுநாள் காலைக்குள் அதைத் துவைத்து உலர்த்தியாக வேண்டும். சேறு காயும்வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. எனவே மழைக்காலத்தில் சட்டையில் தங்கும் கறையைச் சோம்பலின் அடையாளமாகக் கருதுவது பொருந்தாது. மண்ணும் நீரும் நேரமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.