இரைப்பு நோய்க்குப் பின்னால் கிருமியா?

ஆஸ்துமா உள்ளவருக்குச் சளி பிடித்தால், ஓரிரு நாளில் நெஞ்சில் விசில் ஊதுவதுபோல் இழுப்பு வந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோவைரஸ். ஆன்டிபயாடிக் மருந்துகளோ பாக்டீரியாக்களைத்தான் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யா. அப்படியிருக்க, ஆஸ்துமாவுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று கேட்பீர்கள்.

1991இல் அமெரிக்காவில் டேவிட் ஹான் என்ற குடும்ப மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் கவனித்தார்கள். கிளமைடியா நிமோனியே என்ற பாக்டீரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிகுந்திருந்தவர்களிடம் இழுப்பும், பெரியவர்களான பின் தோன்றும் ஆஸ்துமாவும் அதிகமாகக் காணப்பட்டன. இந்தக் கிருமி உடலின் செல்களுக்குள்ளேயே புகுந்து நெடுநாள் தங்கக்கூடியது. வயிற்றுப்புண்ணுக்கும் ஒரு பாக்டீரியா காரணம் என்று ஆஸ்திரேலியாவின் மார்ஷலும் வாரனும் அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள் அல்லவா? (அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.) ஆஸ்துமாவிலும் அப்படி ஒரு குற்றவாளி அகப்படலாம் என்று சிலர் எண்ணினார்கள்.

2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு முடிவு வெளிவந்தது. இன்ஹேலர் மருந்து எடுத்தும் தொல்லை தீராத 420 பெரியவர்களில் ஒரு பாதியினருக்கு அசித்ரோமைசின் மாத்திரை, வாரம் மூன்று முறை, 48 வாரங்கள். மறு பாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரைக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.86 முறை நோய் முற்றியது. மருந்து உண்டவர்களுக்கு 1.07 முறைதான்!

கிருமிதான் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அழும் குழந்தைக்குக் கற்கண்டு கொடுத்தால் அழுகை நிற்கிறது. கற்கண்டு இல்லாததால்தான் அழுதது என்று ஆகிவிடுமா? அசித்ரோமைசின் பாக்டீரியாவை அடக்குவதோடு மூச்சுக்குழல்களின் அழற்சியையும் தணிக்கிறது. இரண்டில் எந்த வேலை பலன் தந்தது என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை.

இழுப்பு வந்துவிட்ட நேரத்தில் இதே மருந்து உதவுமா என்று பிரிட்டனிலும் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சைக்கு மேல் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அங்கே இன்னொரு வேடிக்கை. ஆய்வில் சேர்க்கப் பரிசீலித்த நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் உண்டுகொண்டிருந்தார்களாம்! அதனால் அவர்களைச் சேர்க்க முடியவில்லை. தேவையின்றி உண்ணும் ஒவ்வொரு முறையும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருக வழி கிடைக்கிறது.

ஆகவே, மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கே இதை நீண்ட நாள் கொடுக்க நிபுணர்கள் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னும் இதயத் துடிப்பை அறிய இ.சி.ஜி. எடுக்கிறார்கள், சளியையும் சோதிக்கிறார்கள்.