டாஷ்போர்டுக்குள் சத்தமா? கராஜுக்கு முன் இதைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அதனால் பசறையில் என்னைப்போல் பலரும் பழைய காரோடுதான் சமாளிக்கிறோம்.

டாஷ்போர்டுக்குள் சத்தம் கேட்டால் முதலில் ஏசி விசிறியை நிறுத்துங்கள். சத்தமும் நின்றால் உள்ளே இலை, குப்பை சிக்கியிருக்கலாம். பள்ளங்களில் மட்டும் கடகடத்தால், பக்கத்தில் இருப்பவரை டாஷ்போர்டை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியதும் அடங்கினால் தளர்ந்த பிளாஸ்டிக்தான். இடுக்கில் ஒரு துணித்துண்டு போதும். வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடி, மீற்றர் முள்ளும் துடித்தால், கேபிளில் கிரீஸ் காய்ந்திருக்கும்.

பிரேக் பிடிக்கும்போதோ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதோ சத்தம் வந்தால் காரை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள். லுணுகலை வீதியில் ஓரம் தவறினால் என்னவாகும் என்பதை, 2021 மார்ச் 20இல் 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்தபோது பார்த்தவர்கள் நாம்.