ஊருக்கே பந்தி வைக்கும் இதயம்... அதற்கு யார் பரிமாறுவது?

சும்மா உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போதும் உங்கள் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். போன ரத்தமே சுற்றித் திரும்பி வருகிறது! இன்று இது பள்ளிப் பாடம். ஆனால், கல்லீரலில் ரத்தம் புதிது புதிதாக ஊறி, உடம்பில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்றுதான் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். 1628-ல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம், உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. அவ்வளவையும் எந்தச் சாப்பாட்டிலிருந்து தயாரிக்க முடியும்? சுற்றி வந்தால்தான் கணக்கு இடிக்காது.

சரி, இவ்வளவு ரத்தம் உள்ளே புரள்கிறதே, இதயம் தனக்கு வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுமா? முடியாது. அதன் சுவர் தடிமனான தசை. உள்ளிருக்கும் ரத்தம் அதற்குள் ஆழமாக ஊறாது. அதனால், மகாதமனி புறப்படும் இடத்திலேயே இரண்டு குழாய்கள் பிரிந்து, இதயத்தின் மேற்புறமாக ஓடி, தசைக்கு ரத்தம் தருகின்றன. இவைதான் கரோனரி தமனிகள். சில மில்லிமீட்டர் அகலம்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் குழாய்களையும் சேர்த்தே நசுக்குகிறது. அதனால், இடப்பக்கச் சுவருக்குப் பெரும்பாலான ரத்தம் கிடைப்பது, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இதயம் தளரும் அந்த அரை நொடியில்தான். மாடிப்படி ஏறினால் துடிப்பு கூடும், தளரும் நேரம் குறையும், தேவையோ எகிறும். ஆரோக்கியமான குழாய் விரிந்து சமாளித்துவிடும். கொழுப்பு படிந்து சுருங்கிய குழாயால் முடியாது. படியேறினால் நெஞ்சு அழுத்துவதும், உட்கார்ந்ததும் விடுவதும் இதனால்தான். அப்படி இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

அந்தக் குழாயை ரத்தக்கட்டி அடைத்துவிட்டால் மாரடைப்பு. உட்கார்ந்தாலும் வலி விடாது. இங்கேதான் நம் வீடுகளில் 'கேஸ்தான்' என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் வருகின்றன. அதற்குள் தசை சாகத் தொடங்கிவிடும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், வியர்வை, மூச்சிரைப்பு, அசாத்திய களைப்பு என்றும் வரலாம்.

உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை நடக்கவோ படியிறங்கவோ விடாதீர்கள். அந்த அரை நொடியும் குறைந்துவிடும்.