கணக்குப் போட்டுப் போர் நடத்திய மந்திரி!
மக்னமாராவை மாஜி ராணுவ வீரர்கள் மன்னிக்காதது ஏன்?

1972-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மார்த்தாஸ் வைன்யார்டு என்ற தீவுக்குப் போகும் பயணிகள் படகு.

படகில் ஒரு பெரிய மனிதர் நண்பருடன் பேசிக்கொண்டு இருந்தார். அவர் அருகே ஓர் இளைஞர் வந்தார்.

"உங்களுக்கு டெலிபோன் வந்திருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்தார்.

பெரியவர் நம்பிப் பின்னால் போனார். வெளியே இருட்டு. திடீரென்று அந்த இளைஞர் அவரைப் பிடித்துத் தூக்கிக் கடலில் தள்ளப் பார்த்தார்!

பெரியவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் ஓடி வந்து காப்பாற்றினார்கள். தள்ளப் பார்த்தவர் ஓர் ஓவியர். அவர் மீது பெரியவர் வழக்குப் போடவில்லை.

அந்தப் பெரியவர்தான் ராபர்ட் மக்னமாரா. 1961 முதல் 1968 வரை 7 ஆண்டு அமெரிக்க ராணுவ மந்திரியாக இருந்தவர். அந்தப் பதவியில் அவரைவிட அதிக நாள் யாரும் இருந்தது கிடையாது.

படகில் நடந்தது ஒரு தனி ஆளின் ஆத்திரம். வியட்நாம் போருக்குப் போய் வந்த மாஜி வீரர்களின் கோபமோ, அதைவிடப் பெரிசு. அது அவர் 2009-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, தன் 93-வது வயதில் காலமான பிறகும் தீரவில்லை.

அப்படி என்ன செய்தார் அவர்?

செருப்பு வியாபாரி மகன்

மக்னமாரா பிறந்தது சான்பிரான்சிஸ்கோ நகரில், 1916-ம் ஆண்டு. தகப்பனார் மொத்த விலை செருப்புக் கம்பெனியில் விற்பனை மானேஜர்.

பையன் படிப்பில் சூரப்புலி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வியாபார நிர்வாகம் படித்து, அங்கேயே வாத்தியார் ஆனார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. விமானப்படையில் சேர்ந்தார். ஆனால் துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. பேனா பிடிக்கிற வேலை. எத்தனை விமானம் போனது, எத்தனை குண்டு போட்டது, எவ்வளவு பெட்ரோல் செலவு என்று கணக்குப் பார்க்கும் பிரிவு.

1945 மார்ச்சில் ஜப்பான் தலைநகர் டோக்கியோ மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு வீசின. ஒரே ராத்திரியில் சுமார் 1 லட்சம் பேர் கருகிச் செத்தார்கள். அந்தத் தாக்குதலை நடத்திய தளபதி கர்டிஸ் லீமேயிடம்தான் மக்னமாரா வேலை பார்த்தார்.

போரில் தோற்றிருந்தால் தங்களைப் போர்க் குற்றவாளிகள் என்று கூண்டில் ஏற்றி இருப்பார்கள் என்று அவரே வயதான காலத்தில் ஒரு படத்தில் சொன்னார். 2003-ல் வந்த அந்தப் படத்துக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

கார் கம்பெனி

போர் முடிந்ததும் போர்டு கார் கம்பெனிக்குப் போனார். நஷ்டத்தில் கிடந்த கம்பெனியைக் கணக்குப் போட்டே தூக்கி நிறுத்திய கோஷ்டியில் அவர் முக்கியமானவர். 1960 நவம்பரில் கம்பெனியின் தலைவர் ஆனார்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து 5 வாரம்கூட ஆகவில்லை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி கென்னடியிடம் இருந்து அழைப்பு வந்தது. "நிதி மந்திரியா, ராணுவ மந்திரியா? எது வேண்டும்?" என்று கேட்டார்கள்.

லட்சக்கணக்கான டாலர் வருமானத்தை விட்டுவிட்டு, வருஷத்துக்கு 25 ஆயிரம் டாலர் சம்பளத்தில் ராணுவ மந்திரி ஆனார். வயது 44.

தளபதிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. "கார் விற்றவருக்குப் பீரங்கியைப் பற்றி என்ன தெரியும்?" என்பது அவர்கள் முணுமுணுப்பு. அவரோ எதற்கெடுத்தாலும் புள்ளிவிவரம் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் தளபதிகள் திணறினார்கள்.

பிணக் கணக்கு

வியட்நாமில் போர் முற்றியது. 1964 கடைசியில் அங்கே இருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 23 ஆயிரம் பேர். 1967 கடைசியில் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்!

காட்டுப் போரில் யார் ஜெயிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? இன்று பிடித்த ஊரை நாளைக்கு விட வேண்டும். அதனால் எதிரியின் பிணத்தை எண்ணச் சொன்னார்கள்.

மேலே இருந்து உத்தரவு வந்தது. "இன்றைக்கு எத்தனை பேர்?" என்று தினமும் கேள்வி. எண்ணிக்கை அதிகம் காட்டிய அதிகாரிக்குப் பேர் கிடைத்தது. குறைத்துக் காட்டியவருக்குக் கெட்ட பேர்.

விளைவு? செத்தவன் விவசாயியா, கொரில்லாவா என்று பார்க்கவில்லை. ஒரு பிணத்தை இரண்டு தடவை எண்ணினார்கள். பிணமே இல்லாமலும் எண்ணினார்கள். எல்லாம் வாஷிங்டனுக்குப் போய் அழகான கணக்காக மாறியது.

இது சிப்பாய்கள் மட்டும் சொல்லும் குறை அல்ல. வியட்நாமில் பணியாற்றிய 173 தரைப்படை ஜெனரல்களுக்கு, டக்ளஸ் கின்னார்டு என்ற ஓய்வு பெற்ற ஜெனரல் கேள்வித்தாள் அனுப்பினார். வந்த பதில்களை 1977-ல் புத்தகமாகவே போட்டார்.

பிணக் கணக்கு சரியான அளவுகோல் என்று சொன்னவர்கள் 100-க்கு 2 பேர்தான்! கணக்கு பல சமயம் கூட்டிக் காட்டப்பட்டது என்று 100-க்கு 61 பேர் ஒப்புக்கொண்டார்கள். போரின் நோக்கமே தெளிவாக இல்லை என்றவர்கள் கிட்டத்தட்ட 70 சதவீதம்.

சுடாத துப்பாக்கி

சிப்பாய்களுக்கு வேறு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. அதுதான் எம்-16 துப்பாக்கி.

பழைய எம்-14 துப்பாக்கி கனமானது, ஆனால் கைவிடாது. அதன் தயாரிப்பை மக்னமாரா நிறுத்தினார். லேசான எம்-16 வந்தது.

1966, 67-ம் ஆண்டுகளில் அது சண்டை நடுவில் சிக்கிக்கொண்டது. தோட்டாவின் மருந்தை மாற்றியிருந்தார்கள். குழாயின் உள்ளே குரோமியப் பூச்சு இல்லை. சுத்தம் செய்யும் சாமான்களும் போதுமான அளவு கொடுக்கவில்லை.

துப்பாக்கியைப் பிரித்துப் போட்டபடியே செத்துக் கிடந்த தோழர்களைப் பார்த்ததாக வீரர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள். 1967-ல் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தி, ராணுவ இலாகாவைக் கண்டித்தது. பிறகுதான் துப்பாக்கி திருத்தப்பட்டது.

மருந்தை மாற்றியது தளவாட அதிகாரிகள்தான், மந்திரி அல்ல. ஆனால் சண்டையில் விசையை அழுத்தி, குண்டு வராமல் தவித்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? அவனுக்கு எல்லாம் "மக்னமாரா வேலை"தான்.

ஏழைப் பையன்கள்

1966 ஆகஸ்டில் நியூயார்க்கில் மாஜி வீரர்கள் மாநாடு நடந்தது. அதில் மக்னமாரா ஒரு திட்டத்தை அறிவித்தார்.

ராணுவத் தேர்வில் தோற்ற பையன்களையும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர் வரை சேர்த்துக்கொள்வது. அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து முன்னுக்குக் கொண்டுவருவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

1971 வரை இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 3½ லட்சம் பேர். பெரும்பாலும் ஏழைகள். கறுப்பு இனப் பையன்கள் நிறைய. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். வாக்குறுதி கொடுத்த தொழில் பயிற்சி பலருக்குக் கிடைக்கவில்லை. பலர் நேரே போர்முனைக்குப் போனார்கள்.

அவர்களோடு பயிற்சி பெற்ற ஹாமில்டன் கிரிகோரி என்ற மாஜி வீரர் 2015-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மற்ற வீரர்களைப் போல் 3 மடங்கு விகிதத்தில் இவர்கள் செத்தார்கள் என்பது அவர் கணக்கு.

காலேஜில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு விலக்கு. பரீட்சையில் பெயிலான ஏழைப் பிள்ளைக்குத் துப்பாக்கி! இதைத்தான் மாஜி வீரர்கள் ஆறாத புண்ணாகச் சொல்கிறார்கள்.

மக்னமாராவின் மகன் கிரெய்க் வயிற்றுப்புண் காரணமாக ராணுவத்தில் சேர்க்கப்படவில்லை. அவர் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர். அப்பாவைப் பற்றி 2022-ல் அவர் எழுதிய புத்தகத்தில் பாசமும் இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது.

தெரிந்தும் மவுனம்

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றச்சாட்டு இனிமேல்தான்.

1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் பெரிய சண்டை. 4 நாளில் இருநூறுக்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் பலி. மக்னமாரா வியட்நாமுக்கு விமானத்தில் பறந்தார். அந்தச் சண்டையை நடத்திய ஹரால்டு மூர் என்ற தளபதியிடம் நேரில் விவரம் கேட்டார்.

திரும்பும்போது ஜனாதிபதி ஜான்சனுக்கு ரகசியக் குறிப்பு எழுதினார். மாதம் ஆயிரம் பேர் வரை சாகலாம். மேலும் படை அனுப்பினாலும் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை என்பது அதன் சாரம். ஆனாலும் படை அனுப்பவே சிபாரிசு செய்தார்!

1967-ல் அவர் நம்பிக்கை அடியோடு போய்விட்டது. குண்டு வீசி ஜெயிக்க முடியாது என்று செனட் குழு முன்பு சொன்னார். தளபதிகள் சீறினார்கள். நவம்பரில், போரை மேலும் பெரிதாக்க வேண்டாம் என்று ஜான்சனுக்கு எழுதினார். அந்த மாதமே அவருக்கு உலக வங்கித் தலைவர் பதவி என்று செய்தி வந்தது.

1968 பிப்ரவரி 29-ந் தேதி வழியனுப்பு விழா. ஜனாதிபதியும் மந்திரியும் ஏறிய லிப்ட் பத்து நிமிடத்துக்கு மேல் நடுவில் நின்றுவிட்டது. வெளியே மழை. விமான அணிவகுப்பு ரத்து.

வெளியே வந்தவர் வாயைத் திறக்கவில்லை. 27 ஆண்டு மவுனம்!

உலக வங்கித் தலைவராக 1968 நவம்பரில் அவர் கல்கத்தா வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சென்னைக்கும் அவர் காலத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1977-ல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம் உலக வங்கிக் கடனில் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் ஏழைகளுக்கு மனை பிரித்துக் கொடுத்தது அந்தத் திட்டம்தான்.

"இப்போது சொல்கிறாரே!"

1995 ஏப்ரலில் அவர் புத்தகம் வெளிவந்தது. தாங்கள் செய்தது பெரும் தவறு என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவே பற்றி எரிந்தது.

ஹார்வர்டில் நடந்த கூட்டத்தில் வியட்நாம் வீரர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். வாக்குவாதம் முற்றியது. மக்னமாரா பொறுமை இழந்து, பேசாமல் இருக்கும்படி அவரை அதட்டினார்.

மாஜி வீரர்கள் இரண்டு கட்சி ஆனார்கள்.

"இத்தனை வருஷம் கழிச்சாவது தப்புன்னு சொன்னாரே, மத்தவங்க அதுகூட சொல்லலியே" என்றது ஒரு கட்சி.

"தப்புன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா எங்க கூட்டாளிங்க வீடு திரும்பியிருப்பாங்களே" என்றது மற்றது. இந்தக் கட்சிதான் பெரிது.

அந்த ஆண்டு நவம்பரில் மக்னமாரா ஹனாய் போனார். பழைய எதிரித் தளபதி ஜியாப்பைச் சந்தித்தார். 1964 ஆகஸ்டு 4-ந் தேதி டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது தாக்குதல் நடந்ததா என்று கேட்டார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார் ஜியாப். நடக்காத அந்தத் தாக்குதலையும் சொல்லித்தான் ஜான்சன் போருக்கு அனுமதி வாங்கியிருந்தார்!

மறுபக்கம்

மக்னமாரா செய்த நல்லதையும் சிலர் எடுத்துச் சொல்கிறார்கள்.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. உடனே குண்டு போட வேண்டும் என்றார் லீமே. கப்பல்களை மறித்தால் போதும் என்ற யோசனைக்கு ஆதரவாக நின்றவர் மக்னமாரா. அணுகுண்டுப் போர் தப்பியது.

கறுப்பு இன வீரர்களுக்கு முகாமுக்கு வெளியே நடந்த அநீதியைத் தடுக்க 1963-ல் உத்தரவு போட்டவரும் அவரே.

தளபதிகளும் சுத்தம் இல்லை என்பது இன்னொரு வாதம். வளைகுடாப் போரில் டாங்கிப் படை நடத்திய மக்மாஸ்டர் 1997-ல் எழுதிய புத்தகத்தில், மந்திரியோடு சேர்த்து முப்படைத் தளபதிகளையும் பிடித்தார். உண்மை தெரிந்தும் அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

பட்டாளத்துக்காரர் வந்தால்?

அப்படியானால் ராணுவ மந்திரி போர்முனையில் நின்றவராக இருந்தால் சரியாகிவிடுமா?

ரம்ஸ்பெல்டு கடற்படை விமானம் ஓட்டியவர். ஆனால் ஈராக் போரின்போது, 2004 டிசம்பரில் குவைத் முகாமில் ஒரு சிப்பாய் எழுந்து, வண்டிக்குக் கவசம் இல்லாமல் குப்பையில் இரும்பு பொறுக்க வேண்டியிருப்பது ஏன் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். 2006-ல் ஓய்வு பெற்ற ஜெனரல்கள் பலர் அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அந்த ஆண்டே பதவி போனது.

வியட்நாமில் சாதாரண சிப்பாயாகச் சண்டை போட்டு, இரண்டு முறை காயம்பட்ட சக் ஹேகல் 2013-ல் ராணுவ மந்திரி ஆனார். அந்தப் போரில் சண்டையிட்ட ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவரும் 2 ஆண்டுதான் இருந்தார்.

ஆக, துப்பாக்கி பிடித்தாரா, பேனா பிடித்தாரா என்பது மட்டும் போதாது. கீழே இருந்து வரும் உண்மையைக் காது கொடுத்துக் கேட்டாரா, கேட்டதை மேலே சொன்னாரா என்பதே மாஜி வீரர்கள் வைக்கும் பரீட்சை.

கருங்கல் சுவர்

வாஷிங்டனில் ஒரு கறுப்புக் கல் சுவர் இருக்கிறது. 1982-ல் மாஜி வீரர்கள் வசூல் செய்து எழுப்பியது. வியட்நாமில் செத்த 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன.

பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. செத்த தேதி வரிசையில் வெறும் பெயர்கள். ஒவ்வொரு நாளும் யாராவது வந்து ஒரு பெயரைத் தடவிப் பார்க்கிறார்கள்; தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் போகிறார்கள்.

தேதி வரிசை என்பதால், மக்னமாரா பதவியை விட்டுப் போன நாள் சுவரில் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். அதற்குப் பின்னால் வரும் பெயர்களே பாதிக்கு மேல்.

வாழ்நாள் முழுவதும் கணக்குப் போட்டவர் அவர். அவர் வாய் திறக்காமல் இருந்த காலத்தின் கணக்கு அந்தச் சுவரில் இருக்கிறது.