ஊவா மலைகளும் பல்கலைக்கழகப் புவியியற்றுறையும்

ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் உண்டு. அப்பெயர் மண்ணால் மட்டும் வந்ததன்று. தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியாப் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வெறுங்காற்றாய் முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்குகின்றது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று அழைப்பதும் இக்காற்றையே. யூலை, ஓகஸ்ற் மாதங்களில் இது பதுளை, பண்டாரவளை, பசறைத் தோட்டங்களின்மீது வீசும்போது கொழுந்தின் வளர்ச்சி குன்றி மணம் செறிகின்றது. விளைச்சல் குறைந்தாலும் அக்காலத்துத் தேயிலைக்கே மதிப்பு மிகுதி. மலையின் மேற்குச் சரிவு நனைந்து கிடக்கும் அதே நாளில் கிழக்குச் சரிவு காய்ந்து கிடப்பது ஏன் என்று கேட்பதே புவியியலின் தொடக்கமாகும். முன்னைய தலைமுறையினர் பூமிசாத்திரம் என்ற பெயரில் ஆறுகளையும் தலைநகரங்களையும் நெட்டுருப் பண்ணினர். பாடத்தின் பெயர் மாறிவிட்டது. அது வெறும் பெயர்ப்பட்டியல் என்னும் எண்ணம் அவ்வளவாக மாறவில்லை.

இம்மலைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊவாவுக்குப் பெருமழை வருவது ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள காலத்திலேயாம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலைச்சரிவொன்று பெயர்ந்து லயங்களின்மீது விழுந்தது. அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள் மண்ணுள் அமிழ்ந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அல்லது மீட்கப்படாமலே போயினர். அவ்விடம் குடியிருக்கத் தகாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் இருப்பதற்கு வேறிடம் இருக்கவில்லை. நிலமும் தோட்டத்துக்கு உரியது, வீடும் தோட்டத்துக்கு உரியது என்றால், அதில் வாழும் தொழிலாளி எங்கே பெயர்ந்து போவான்? 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி இலங்கையைத் தாக்கியபோதும் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன.

இத்தகைய அழிவைத் தெய்வச் செயல் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அதற்குக் காரணகாரியத் தொடர்பு உண்டு. மேலிருந்து காலங்காலமாக உருண்டு வந்த மண்ணும் கல்லும் அடிப்பாறையின்மீது தடித்த போர்வைபோற் கிடக்கின்றன. நாட்கணக்கில் மழை பெய்யும்போது நீர் அப்போர்வையுள் ஊறி, மண்துகள்களுக்கிடையே அழுத்தத்தை ஏற்றுகின்றது. துகள்களின் பிடி தளர்கின்றது. பின்னர் ஒரு கணத்தில் எல்லாம் சேர்ந்து வழுக்குகின்றது. அதற்கு முன்னரே நிலம் அடையாளங் காட்டும். தரையிலே பிளவு காணும், மரங்கள் சாயும், தெளிந்து ஓடிய ஊற்று சேறாய் வரும். வெள்ளையர் காலத்தில் லயங்கள் பெரும்பாலும் தேயிலைக்குப் பயன்படாத மூலைகளிலே எழுப்பப்பட்டன என்பதையும், கான்கள் துப்புரவு செய்யப்படாது தூர்ந்துபோகின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பாறையைப் பற்றிப் புவிச்சரிதவியலார் கூறுவர். தாங்குசுவரைப் பற்றிப் பொறியியலாளர் கூறுவர். பாறை, மழை, சரிவு, பயிர், லயம், அதில் வாழும் மக்களின் வரலாறு ஆகிய அனைத்தையும் ஒரே படத்தில் வைத்து நோக்குதல் புவியியலாளர் பயிற்சி பெற்ற வேலையாகும்.

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு 1990ஆம் ஆண்டில் மண்சரிவு அபாய வலயப் படங்கள் வரையத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்களே. அப்படங்களின் அளவுத்திட்டம் 1:10,000. அதாவது படத்தில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் 100 மீற்றர். ஒரு லயம் அதில் சில மில்லிமீற்றர் நீளமே பெறும். ஆயினும் அச்சில மில்லிமீற்றர் எந்த நிறத்துள் விழுகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு அமைகின்றது. மழையைக் கொண்டு விடுக்கப்படும் எச்சரிக்கையும் இத்தகையதே. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என்பது வழக்கிலுள்ள ஒழுங்கு. ஆனால், ஒரு முகட்டின் இருபுறத்தும் மழை வேறுபடும் நாட்டில், எங்கோ ஒரு நகரத்து மழைமானி மேற்கணக்கு லயத்துக்குச் சான்றாகாது. தோட்ட அலுவலகங்கள் பலவற்றில் அன்றாட மழையளவு நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வந்துள்ளது. அக்குறிப்பேடுகளை ஒருங்கே திரட்டி, படத்தோடு ஒப்பிட்டு ஆராய ஆட்கள் வேண்டும். அவர்களை உருவாக்கும் இடம் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறையன்றி வேறெது?

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்திலிருந்து இத்துறைக்குக் கலைப்பீடத்தில் இடமுண்டு. பேராசிரியர் குலரத்தினம் போன்றோர் பேராதனையில் அதனை வளர்த்தனர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியது. பின்னர் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இவை யாவும் இத்துறையைப் பேணுகின்றன. ஊவாவுக்கு உரிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டில் பதுளையில் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பம், கனிப்பொருள், முகாமைத்துவம் என்பன அங்கே கற்பிக்கப்படுகின்றன. நல்லதே. எனினும் புவியியலுக்கெனத் தனித்துறை அங்கு அமைக்கப்படவில்லை. உமா ஓயாத் திட்டத்துச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் கசிந்து, 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. நீரும் நிலமும் குடியிருப்பும் இவ்வளவு நெருங்கிப் பின்னிய மாகாணத்தில் அவற்றைச் சேர்த்துப் படிக்கும் துறை இல்லாதிருப்பது சிறிய குறையன்று.

துறையொன்று இருப்பதாலேயே அது நிலைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1948இல் தன் புவியியற்றுறையை மூடிற்று. சிக்காகோவில் 1986இல் அதே கதி நேர்ந்தது. பெரும் பொருள்வளம் அவற்றைக் காக்கவில்லை. மாறாக, ஒக்ஸ்போர்டில் 1887இல் மக்கிண்டர் விரிவுரையாளராக அமர்ந்தபோது, வெளியிலிருந்து அரச புவியியற் கழகம் பணமுதவி அப்பதவியைத் தாங்கியது. சென்னைச் செய்தி இன்னும் அணுக்கமானது. அங்கே 1926இல் சென்னைப் புவியியற் கழகத்தைத் தொடங்கிவைத்தவர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியைச் சார்ந்த என். சுப்பிரமணியம். பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் ஆர்வத்தாலே எழுந்த அக்கழகத்தின் இதழ், இந்தியப் புவியியல் இதழ் என்ற பெயரில் வளர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு வேரிட்டது பள்ளிக்கூடம் என்பதை இங்குள்ளோர் மறத்தலாகாது.

இலங்கையில் அவ்வேர் மெலிந்துள்ளது. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் பூமிசாத்திரம் சமூகக்கல்வி என்னும் பாடத்துள் கரைந்தது. பின்னர் அது தனிப்பாடமாக மீண்டபோதும், க. பொ. த. சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாகவே நிற்கின்றது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாமையால் மாணவர் கலைப்பிரிவையே நாடுகின்றனர். அவர்களுட் பலர் புவியியலைத் தெரிகின்றனர். பல்கலைக்கழகத்தில் அவர்களை எதிர்கொள்வது புள்ளிவிபரவியலும் கணினி வரைபடமும். கணிதம் கைவராத காரணத்தால் திறமுள்ள பிள்ளைகள் பின்தங்குகின்றனர். முதலாண்டிலேயே அவர்களுக்குக் கணிதத்தில் தனிப்பயிற்சி அளிப்பது கட்டடங் கட்டுவதினும் செலவு குறைந்தது, பயனோ பெரிது. கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. குறைவது கருவியன்று, கற்பிக்கும் ஆளும் களப்பயணத்துக்கான பேருந்துச் செலவுமே. நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது களப்பயணம். மலையைப் பாராது மலையைப் படிப்பது நீந்தாது நீச்சல் படிப்பதேயாம்.

மொழியும் இதில் அடங்கும். அபாய அறிவித்தல் எம்மொழியில் வந்தாலும், லயத்தில் வாழ்வோர் தம் நிலத்தை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்றும் மலைகளின் வழக்குப் பெயர்களாலுமே அறிவர். அப்பெயர்கள் பல, அச்சிட்ட படங்களில் இல்லை. வெளியேறும்படி சொல்லப்படும் இடம் எது என்று தெரியாத மக்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? அவ்வழக்குப் பெயர்களைத் திரட்டிப் படத்தில் ஏற்றும் வேலையைப் புவியியல் மாணவர் இருவர் ஒரு விடுமுறையில் ஒரு தோட்டத்துக்குச் செய்து முடிக்கலாம். அத்தோட்டத்துப் பிள்ளையே அம்மாணவராயின் இன்னும் எளிது; தோட்ட நிருவாகம் வழிவிடல் மாத்திரம் வேண்டும்.

பள்ளிக்கூடம் செய்யத்தக்க பங்கும் உண்டு. ஒரு மழைமானியை முற்றத்தில் நாட்டி, காலை எட்டரை மணிக்கு அளவு பார்த்து, தாளில் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு மாதந்தோறும் அனுப்ப உயர்தர வகுப்பு மாணவர் போதும். பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் ஹாலிஎலயிலும் இவ்வாறு பத்துப் பாடசாலைகள் பத்தாண்டு குறித்து வந்தால், ஊவாவின் எந்தச் சரிவில் எவ்வளவு மழைக்கு மண் அசைகின்றது என்பதை ஆராயத் துறையின் கையில் ஏடு இருக்கும்.