விளையாட்டுக் கம்ப்யூட்டர்: பாகங்கள் பொருந்துமா?

பள்ளி, கல்லூரி விடுமுறை வந்துவிட்டால் நம் வணிகர் இல்லங்களில் பிள்ளைகள் கேட்பது கேமிங் கம்ப்யூட்டர். பாகங்களைத் தனித்தனியே வாங்கி அசெம்பிள் செய்தால் மிச்சம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பிள்ளை நீட்டும் பட்டியலில் நாம் விலையை மட்டுமே பார்க்கிறோம். ஒவ்வொன்றும் நல்ல சரக்காகவே இருந்தும், ஒன்றோடொன்று சேராமல் போகக்கூடும். உறை பிரித்த பாகத்தைக் கடைக்காரர் லேசில் திரும்ப எடுக்கமாட்டார். பிரித்த பாக்கெட்டை நாமும் எடுப்பதில்லை அல்லவா!

முதலில் முடிவு செய்ய வேண்டியது பிராசஸர். மதர்போர்டில் அது அமரும் இடத்திற்கு சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் முந்தைய ஏ.எம்.4 பிராசஸர் உட்காராது. இன்டெல்லில் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700, 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் ஒரு சங்கதி உண்டு. 2024-ல் வந்த ரைசன் 9000 பிராசஸரை, அதற்கு முன் தயாரான ஏ.எம்.5 போர்டு அடையாளம் காணாமல் போகலாம். போர்டில் உள்ள பயாஸ் என்னும் நிரலைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

அடுத்தது மெமரி. 2025 இறுதியில் இதன் விலை தாறுமாறாக ஏறியது. ஆகவே பழைய கம்ப்யூட்டரில் உள்ள டி.டி.ஆர். 4 மெமரியையே போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். ஏ.எம்.5, எல்.ஜி.ஏ. 1851 இரண்டிலும் டி.டி.ஆர். 5 மட்டுமே சேரும். பள்ளம் வெட்டிய இடமே வேறு, அழுத்தினாலும் இறங்காது. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகள் இருவகையிலும் வந்துள்ளன. பழைய மெமரியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் டி.டி.ஆர். 4 என்று பெட்டியில் போட்ட போர்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

நம்மவர்கள் சிக்கனம் பிடிப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான். அதாவது மின்சாரம் வழங்கும் பெட்டி. விளையாட்டுக்கு உயிர்நாடியான கிராபிக்ஸ் கார்டுதான் அதிக மின்சாரம் இழுப்பது. 2023-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட் எடுக்கும்; அதற்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது தயாரித்த என்விடியா நிறுவனம். 2025-ல் வந்த 5070-க்கு 250 வாட். அதற்கு 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். மலிவு கேபினட்டோடு சேர்த்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பி இத்தகைய கார்டைப் போடுவது, அரை டன் தராசில் ஒரு டன் மூட்டையை ஏற்றுவது போலத்தான். கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ். என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஒரு கம்பெனி வயர் மற்றொரு கம்பெனிப் பெட்டியில் கச்சிதமாக நுழையும். உள்ளே இணைப்பு வரிசை மாறியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் போர்டோ டிஸ்க்கோ கருகிப் போகலாம். பொருந்தாதது நுழையாமல் நின்றால் தப்பித்தோம், இது நுழைந்துவிடுகிறதே!

கேபினட்டுக்கு அளவுநாடா போதும். சில கிராபிக்ஸ் கார்டுகள் 30 செ.மீ.க்கு மேல் நீளம். பிராசஸர் மேல் வைக்கும் பெரிய கூலர் 16 செ.மீ.க்கு மேலும் உயரலாம். கேபினட் எவ்வளவு இடம் தருகிறது என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் வசதி இல்லை. கிராபிக்ஸ் கார்டு பிறகு வாங்கலாம் என்போர் அதைத் தவிர்க்கவும்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும், ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி முழுக் கம்ப்யூட்டருக்கு அல்ல, பாகத்துக்குப் பாகம் தனித்தனி நிறுவனம், தனித்தனிக் காலம். பெட்டிகளையும் அதுவரை பரணில் போட்டு வைப்பது நல்லது.